ராட்டினமும் கல்மரமும்



திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரை அடைவதற்கு முன்பாகப் பாடாலூர் என்னும் ஊர் இருக்கிறது. சாலையில் செல்வோருக்கு முதலில் தெரிவது பூமலை என்ற குன்றும், அதன்மேல் உள்ள சஞ்சீவிராயர் கோயிலும் ஆகும். அதுவே என் ஊர். தை, மாசி மாதங்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய பேருந்துகள் எங்கள் ஊரைக் கடந்து சென்னைப் பக்கத்துக் கேளிக்கைப் பூங்காக்களை நோக்கி விரைவதை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். ஒருநாள் தேநீர்க்கடை ஒன்றின் முன் அத்தகைய பேருந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய மாணவன் ஒருவன், நான் வெளிநாடு சென்று வந்தவன் என்பதைக் கடைக்காரர் வாயிலாகக் கேட்டறிந்து, "ஐயா, கேளிக்கைப் பூங்காக்களில் சிறந்தவை ஐரோப்பாவில் உள்ளவையா, அமெரிக்காவில் உள்ளவையா?" என்று வினவினான். நான் விடை சொல்வதற்குள் பேருந்து புறப்பட்டுவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எனக்குத் தெரிந்த கேளிக்கைப் பூங்கா, சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் திருவிழாவில் வரும் ராட்டினம் ஒன்றுதான். நான்கு மரத்தொட்டில்கள், அவற்றைக் கையால் தள்ளிச் சுழற்ற இரண்டு ஆட்கள். தொட்டில் உச்சிக்குச் சென்றதும் வயிற்றில் ஒரு குளிர்ச்சி தோன்றும். கண்ணுக்கெட்டிய வரையில் பருத்திக் காடுகள் தெரியும். திருவிழா முடிந்ததும் ராட்டினம் வண்டியேறி வேறோர் ஊருக்குப் போய்விடும். மேலை நாட்டுப் பூங்காக்களின் வரலாறும் இப்படிப்பட்ட திருவிழாத் திடல்களிலிருந்தே தொடங்குகிறது.

ஐரோப்பாவை முதலில் எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனில் டிவோலி என்னும் பூங்கா 1843-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதை நிறுவியவர் கியோர்க் கார்ஸ்டென்சன் என்பவர். நகரின் பழைய கோட்டை மதிலை ஒட்டிய நிலத்தில் அது அமைந்தது. கோட்டையின் அகழியில் ஒரு பகுதியே இன்று பூங்காவின் ஏரியாக விளங்குகிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 20 ஏக்கர்தான். அங்கே மரத்தாலான உருள்வண்டிப் பாதை ஒன்று 1914-ஆம் ஆண்டு முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டியின் நடுவில் ஓர் ஆள் அமர்ந்து கையால் தடைபோட்டு வேகத்தை அடக்குகிறார். அந்த வண்டியில் நான் சென்றபோது, சிறுவாச்சூர் ராட்டினம் தள்ளியவர்களே என் நினைவுக்கு வந்தனர்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1944-ஆம் ஆண்டில், நாஜிகளுக்கு ஆதரவாளராக இருந்தவர்கள் டிவோலியின் கட்டடங்கள் பலவற்றைக் கொளுத்திவிட்டார்கள். ஒரு மக்களின் மனத்தை முறிக்க வேண்டுமானால் அவர்கள் மகிழும் இடத்தை அழிக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணினர் போலும். கோபன்ஹேகன் மக்கள் தற்காலிகக் கொட்டகைகளை எழுப்பிச் சில வாரங்களில் பூங்காவை மீண்டும் திறந்தனர். வியன்னா நகரின் பிராட்டர் பூங்காவுக்கும் இத்தகைய கதை உண்டு. மன்னர்கள் வேட்டையாடிய அந்தக் காட்டை இரண்டாம் ஜோசப் பேரரசர் 1766-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1897-இல் அங்கு எழுந்த பெரும் ராட்டினம் போரின் இறுதியில் எரிந்தது. மீண்டும் கட்டியபோது 30 கூண்டுகளுக்குப் பதிலாக 15 கூண்டுகளையே வைத்தார்கள். இன்றும் அது அந்தப் பாதிக் கூண்டுகளோடுதான் சுழல்கிறது.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். 1893-இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் பெர்ரிஸ் என்னும் பொறியாளர் 264 அடி உயரமுள்ள இரும்பு ராட்டினத்தை நிறுத்தினார். அதில் 36 கூண்டுகள். கூண்டுக்கு 60 பேர். ஒரே நேரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வானத்தில் ஏறினார்கள். எதையும் பெரிதாகச் செய்து பார்க்கும் அந்நாட்டு இயல்புக்கு இது தக்க சான்று.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் வால்ட் டிஸ்னி வந்தார். தம் பெண்மக்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றும்போது, தாம் மட்டும் பலகையில் சும்மா அமர்ந்திருக்க நேர்ந்ததாம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழும் இடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிறந்தது என்று அவரே கூறியிருக்கிறார். அவர் டிவோலியையும் நேரில் சென்று பார்த்தார். கலிபோர்னியாவின் அனஹைம் நகரில், ஆரஞ்சுத் தோப்புகள் இருந்த 160 ஏக்கர் நிலத்தில், 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அதைச் சுற்றி மண்மேடு எழுப்பி, உள்ளே இருப்போர் கண்ணுக்கு வெளியுலகம் தெரியாதபடி செய்தார். ஒரே வாயில், உள்ளே சென்றபின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கதை. பல ராட்டினங்களைக் கூட்டி வைத்த இடத்துக்கும், ஒரு கருத்தைச் சுற்றிக் கட்டிய பூங்காவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. டிஸ்னி 1966-இல் மறைந்தார். 1971-இல் புளோரிடாவில் திறக்கப்பட்ட அடுத்த பூங்காவுக்காக அவருடைய நிறுவனம் வாங்கிய நிலம் ஏறத்தாழ 27,000 ஏக்கர். எங்கள் வட்டாரத்தில் பல கிராமங்களின் நன்செய் புன்செய் அனைத்தையும் சேர்த்தால்தான் அவ்வளவு வரும். டிவோலியை ஒரு மாலைப்பொழுதில் நடந்தே சுற்றிவிட்ட நான், புளோரிடாவில் நான்கு நாட்கள் தங்கியும் முழுவதையும் பார்த்து முடிக்கவில்லை.

இந்த வேறுபாட்டுக்கு நிலப்பரப்பு மட்டும் காரணமன்று. விடுமுறைச் சட்டமும் ஒரு காரணம். பிரான்சு நாட்டில் 1936-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர்க்குச் சம்பளத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. 1982-இல் அது ஐந்து வாரமாக உயர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகள் அனைத்திலும் குறைந்தது நான்கு வாரம் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, தனியார் நிறுவனங்கள் சம்பளத்தோடு விடுமுறை தந்தாக வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. ஆகவே அமெரிக்கக் குடும்பத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில நாட்கள். அச்சில நாட்களுக்குள் உறைவிடம், உணவு, வியப்பு அனைத்தும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். ஐரோப்பியக் குடும்பமோ கடற்கரையிலும் மலையிலும் வாரக்கணக்கில் தங்கும். அதன் நடுவே ஒருநாள் பூங்காவுக்குப் போய்வரும்.

இவ்வுண்மையை டிஸ்னி நிறுவனம் விலைகொடுத்துக் கற்றது. 1992-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் பாரிசுக்கு அருகில் அது தன் ஐரோப்பியப் பூங்காவைத் திறந்தது. அமெரிக்காவில் போலவே மக்கள் பல நாட்கள் தங்குவார்கள் என்று எண்ணிப் பெரிய விடுதிகளைக் கட்டியது. மக்களோ காலையில் வந்து மாலையில் திரும்பினார்கள். பிரெஞ்சுக்காரர் நண்பகலில் ஒரே நேரத்தில் உணவுக்கு அமர்பவர்கள். உணவுச்சாலைகளில் இடம் போதவில்லை. உணவோடு திராட்சை மது அருந்துவது அவர்கள் வழக்கம். பூங்காவுக்குள் அது முதலில் மறுக்கப்பட்டிருந்தது. கடன் பெருகிற்று. விதிகளைத் தளர்த்தி, நுழைவுக் கட்டணத்தைக் குறைத்து, பெயரையும் மாற்றிய பின்னரே பூங்கா நிலைபெற்றது. ஓரிடத்தில் தழைத்த செடியை வேறிடத்தில் நடும்போது அவ்விடத்து மண்ணையும் நீரையும் கேட்டறிய வேண்டும் என்பது உழவர் வீட்டில் பிறந்த நமக்குப் புதிய பாடமன்று.

பிரான்சிலேயே இதற்கு மாறான ஒரு பூங்காவும் உண்டு. மேற்குப் பகுதியில் உள்ள புய் டு பூ என்னும் இடத்தில், பாழடைந்த ஒரு கோட்டையின் முன்னால், 1978 முதல் சுற்றுவட்டாரத்து மக்களே கூடித் தங்கள் மண்ணின் வரலாற்றை இரவுக் காட்சியாக நடித்து வருகின்றனர். ஆயிரக்கணக்கானோர் ஊதியமின்றி நடிக்கின்றனர். அவ்வரலாறு ஒருதலையாகச் சொல்லப்படுகிறது என்று குறைகூறும் அறிஞரும் உளர். ஆயினும், தம் ஊரில் உள்ளதைக் கொண்டே உலகத்தை அழைக்கலாம் என்பதை அவ்வூரார் காட்டிவிட்டனர்.

அப்படியானால் நம் ஊரில் என்ன இருக்கிறது? நண்பர்களே, நான் சொல்ல வந்த செய்தி இங்கேதான் தொடங்குகிறது.

பாடாலூருக்குக் கிழக்கே ஊட்டத்தூர் என்னும் பழைய ஊர் உள்ளது. இப்பகுதியின் பாறைகளை 1860-களில் ஆராய்ந்த பிளான்போர்டு என்னும் புவியியலார், அவற்றுள் மிகப் பழைய அடுக்குக்கு அவ்வூரின் பெயரையே சூட்டினார். உலகப் புவியியல் நூல்களில் ஊட்டத்தூர் அடுக்கு என்று வழங்குவது நம் பக்கத்து ஊரின் பெயர்தான். பாடாலூரிலிருந்து சில கல் தொலைவில் காரை என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே மழைநீர் அரித்த செம்மண்ணும் மஞ்சள் மண்ணும் ஓடை ஓடையாக, புல் பூண்டு இன்றிக் கிடக்கும். அது ஒருகாலத்தில் கடலின் அடித்தளம். சுருள் ஓடுடைய அம்மோனைட்டு என்னும் கடல் உயிரின் கல்லுருக்கள் அம்மண்ணில் கிடைக்கின்றன. அதே வட்டாரத்தில் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதைக் கண்டறிந்தார். அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் எனக் கணித்துள்ளனர்.

மரம் கல்லாவது எப்படி? ஆற்று வெள்ளம் அடித்துச் சென்ற மரம், கடலின் சேற்றில் காற்றுப் படாமல் புதைகிறது. காற்றில்லாமையால் விரைவில் மக்குவதில்லை. மண்ணில் ஊறும் நீரில் கரைந்துள்ள மணற்சத்து, மரத்தின் நுண்ணறைகளில் சிறிது சிறிதாகப் படிகிறது. மரப்பொருள் போகப் போக அவ்விடத்தைக் கல் நிரப்புகிறது. இறுதியில் வடிவம் மரமாகவும் பொருள் கல்லாகவும் நிற்கிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் இத்தகைய கல்மரக் காடு உண்டு. டிஸ்னிலாந்து பிறப்பதற்கு நெடுநாள் முன்பே, 1906-ஆம் ஆண்டில், அது தேசியச் சின்னமாகக் காக்கப்பட்டது. 1962-இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கிருந்து ஒரு துண்டுக் கல்லை எடுத்துச் செல்வதும் குற்றம். எடுத்துச் சென்றவர்கள் பலர், பின்னர் மனம் வருந்தி, மன்னிப்புக் கடிதத்தோடு கற்களை அஞ்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் தென்கரையில் மேரி ஆனிங் என்னும் ஏழைப் பெண் பொறுக்கிய கல்லுருக்கள் ஓர் அறிவியலையே வளர்த்தன. அக்கடற்கரை 2001-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இரு கண்டத்தாரும் ராட்டினத்தைச் சுழற்றுகிறார்கள், கல்லையும் காக்கிறார்கள். நாம் அவர்களிடம் முன்னதை மட்டும் கற்றுக்கொண்டோமோ என்னும் ஐயம் எனக்கு உண்டு.

குற்றம் சொல்லும் தகுதி எனக்கும் முழுதாக இல்லை. கல்லூரியில் படித்த காலத்தில் காரை ஓடையிலிருந்து உள்ளங்கை அளவான அம்மோனைட்டு ஒன்றை எடுத்துவந்து, பல ஆண்டுகள் என் மேசையில் காகிதங்களின்மேல் பாரமாக வைத்திருந்தேன். அரிசோனாக் கடிதங்களைப் பற்றி அறிந்த பின்பு அது என் கண்ணை உறுத்திற்று. ஒரு பள்ளியின் அறிவியல் கூடத்துக்கு அதைக் கொடுத்துவிட்டேன். ஆனால் அது எந்த அடுக்கில், எந்த இடத்தில் கிடந்தது என்பதை நான் எழுதி வைக்கவில்லை. கிடந்த இடம் தெரியாத கல்லுரு, பக்கம் கிழிந்த நூலைப் போன்றது. அதிலிருந்து அறிஞன் கற்கக்கூடியது மிகக் குறைவு. அந்த இழப்பை இனி ஈடுசெய்ய முடியாது.

கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1995-இல் தாம்பரத்துக்கு அருகில் கிஷ்கிந்தா தோன்றியபோது என் பிள்ளைகளை அழைத்துச் சென்றவன் நான். அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. இன்று சென்னையைச் சுற்றி இன்னும் பெரிய பூங்காக்கள் உள்ளன. அவற்றுக்குச் செல்லுங்கள், நன்றாக மகிழுங்கள். ராட்டினம் எந்த நாட்டிலும் செய்யக்கூடியது; பழுதானால் மீண்டும் செய்யலாம்; எரிந்தாலும் மீண்டும் எழுப்பலாம் என்பதை டிவோலியிலும் வியன்னாவிலும் கண்டோம். சாத்தனூர் மரத்தை யாரும் மீண்டும் செய்ய முடியாது.

அந்த மாணவனுக்கு என் விடை இதுதான்: தம்பி, அளவிலும் ஏற்பாட்டிலும் அமெரிக்கப் பூங்கா பெரியது, ஊரோடும் வரலாற்றோடும் ஒட்டியிருப்பதில் ஐரோப்பியப் பூங்கா மேம்பட்டது. உன் பேருந்து அடுத்த முறை பாடாலூரில் தேநீருக்கு நிற்கும்போது, ஆசிரியரிடம் சொல்லி ஒரு மூன்று மணி நேரம் சாத்தனூர்ப் பக்கம் திருப்பச் சொல். கல்மரத்தைக் கண்ணால் பார்; கையேட்டில் வரைந்துகொள்; எதையும் எடுக்காமல் திரும்பு. அன்று மாலை சென்னைப் பூங்காவுக்கு நீ சற்றுத் தாமதமாகத்தான் போய்ச் சேருவாய். ராட்டினம் உனக்காகக் காத்திருக்கும்.