அல்வாவும் அகத்தியர் மலையும்

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில், எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவன் ஒருவன் மயங்கி விழுந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி விசாரித்தோம். "உடம்பைக் குறைக்கிறேன் சார்" என்றான். காலையில் சாப்பிடுவதில்லையாம். உச்சி வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுவானாம். முதல் நாள் ஓடி முடித்து நின்று பார்த்ததில் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் பெருமை தெரிந்தது.

அவன் இழந்தது என்ன? வியர்வை, அதாவது நீர். ஒரு கிலோ வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறக்குறைய 2400 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். உடலைக் குளிர்விக்கும் இந்த ஏற்பாட்டுக்கும் கொழுப்புக் கரைவதற்கும் நேரடித் தொடர்பில்லை. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் போன ஒன்றரைக் கிலோவும் திரும்பி வந்துவிடும். மேலே கம்பளியைப் போர்த்தினால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், உடல் சூடேறும். உயிருக்கே ஆபத்து அது.

அப்படியானால் கொழுப்பு எங்கே போகிறது? என் மாணவர்களில் பெரும்பாலோர் 'வெப்பமாக மாறிவிடுகிறது' என்று பதில் சொல்வார்கள். வெப்பம் வெளிப்படுவது உண்மை. ஆனால் பொருள் எங்கே? 2014இல் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்னும் இரு ஆஸ்திரேலியர்கள் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு எரிய 29 கிலோ ஆக்சிஜன் வேண்டும். கிடைப்பவை 28 கிலோ கரியமில வாயுவும் 11 கிலோ நீரும். அந்தப் பத்துக் கிலோவில் 8.4 கிலோ மூச்சுக்காற்று வழியாகவும், மீதி 1.6 கிலோ நீராகவும் வெளியேறுகிறது. நாம் இளைப்பது பெரும்பாலும் மூக்கின் வழியே! இதைப் படித்துவிட்டு யாரும் உட்கார்ந்த இடத்தில் வேகவேகமாக மூச்சுவிட வேண்டாம், தலைதான் சுற்றும். தசைகள் வேலை செய்து கரியமில வாயுவை உண்டாக்கினால் அல்லவா அது வெளியேற முடியும்?

சரி, எவ்வளவு வேலை? நம் ஊர்க் கணக்காகவே பார்ப்போம். தாமிரபரணி பிறக்கும் பொதிகையில் அகத்தியர் மலை உச்சி 1868 மீட்டர். அந்த நதி கடலில் சேரும் புன்னைக்காயலில் நிற்கும் 50 கிலோ நிறையுள்ள மாணவனை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டிய ஆற்றல் 50 × 9.8 × 1868 ஜூல். அதாவது சுமார் 915 கிலோ ஜூல், 219 கிலோ கலோரி.

இனி நெல்லையப்பர் கோயில் பக்கம் வாருங்கள். வாழையிலையில் சுடச்சுட விழும் அல்வாவில் கோதுமைப் பாலைவிடச் சர்க்கரையும் நெய்யும்தான் அதிகம் பேசும். சர்க்கரை கிராமுக்கு 4, நெய் கிராமுக்கு 9 கிலோ கலோரி. 100 கிராம் அல்வாவுக்கு 400 என்று வைத்துக்கொண்டால், மலையுச்சிக்கு ஏறத் தேவையான ஆற்றல் 55 கிராம் அல்வாவில் இருக்கிறது! நம் தசைகள் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன, எஞ்சியது வெப்பம். எனவே நான்கால் பெருக்குங்கள். அப்போதும் 220 கிராம்தான். கால் கிலோப் பொட்டலம் தீரவில்லை, மலை தீர்ந்துவிட்டது.

எடையைக் குறைப்பதில் கால்களைவிட வாய்க்குப் பொறுப்பு அதிகம் என்பது இதனால் விளங்கும். ஆனால் பட்டினி கிடக்கலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். சும்மா படுத்திருக்கும்போதே உங்கள் உடல் சுமார் 70 வாட் செலவழிக்கிறது. ஒரு நாளைக்கு 1450 கிலோ கலோரி ஆகிறது. வளரும் வயதில் உணவை அடியோடு நிறுத்தினால் உடல் தசையையும் சேர்த்து எரிக்கும். காலை இட்லியை விடுவதைவிட, மாலையில் கொறிக்கும் மிக்சரையும் சர்க்கரைப் பானத்தையும் விடுவது மேல்.

அப்படியானால் உடற்பயிற்சி வீணா? 2004இல் 'லான்செட்' இதழில் ஒரு படம் வெளிவந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இருவருக்கும் 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். யுட்கின் ஓட்டப் பழக்கம் உள்ளவர். கருவிலிருந்தே தொடரும் காரணங்களும் இதில் உண்டு. இந்தியர்களாகிய நாம் ஒல்லியாகத் தோன்றியும் கொழுப்பைச் சுமப்பவர்கள் என்பதற்கு அந்தப் படம் சாட்சி. எடைக் கருவிக்குத் தசைக்கும் கொழுப்புக்கும் வேறுபாடு தெரியாது. உங்கள் இதயத்துக்குத் தெரியும். ஆகவேதான் உங்கள் வயதினர் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்த மாணவன் பிறகு காலையில் சாப்பிடத் தொடங்கினான்; மாலையில் அண்ணனோடு குறுக்குத்துறைக்கு நீந்தப் போனான். மூன்று மாதத்தில் எடை இரண்டு கிலோதான் குறைந்தது. ஆனால் மாடிப்படி ஏறியபின் எகிறும் நாடித்துடிப்பு முன்னைவிடச் சீக்கிரம் இயல்புக்குத் திரும்பியது. இதை நீங்களும் சோதிக்கலாம். படிகளை எண்ணி, ஒரு படியின் உயரத்தால் பெருக்கி, ஏறும் நேரத்தைக் குறியுங்கள். எங்கள் கட்டடத்தில் 75 படிகள், மொத்தம் 12 மீட்டர். 70 கிலோவான நான் 20 விநாடியில் ஏறினேன். திறன் 411 வாட், அரைக் குதிரைத் திறனுக்கும் சற்று அதிகம். அடுத்த ஐந்து நிமிடம் என்னால் பேச முடியவில்லை. கணக்கைக் கரும்பலகையில் போட்டது அந்த மாணவன்தான்.