மொய் நோட்டும் பச்சைப் புள்ளியும்

கோவை வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "மூன்று ஊர்களில் இருந்து பதினான்கு பேர் மென்பொருள் வேலை பார்க்கிறோம். கம்பெனி புதிதாக ஒரு கூட்டுப்பணிச் செயலி வாங்கித் தந்து பயிற்சியும் கொடுத்தது. இரண்டே மாதத்தில் எல்லோரும் வாட்ஸ்அப்புக்குத் திரும்பிவிட்டோம். தப்பு எங்கள் மேலா, செயலி மேலா?"

ஒரு கருவியை ஆட்கள் ஏற்பதற்குப் பழக எளிதாக இருப்பதைவிட, வேலைக்கு உதவும் என்ற நம்பிக்கைதான் முக்கியம் என்று 1989-இல் ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் கண்டார். அதற்கு ஒரு வருஷம் முன்பே ஜொனதன் குருடின் என்ற இன்னொரு ஆய்வாளர் இன்னும் கூர்மையாகக் கேட்டிருந்தார்: யாருக்கு உதவும்? அவர் காட்டிய உதாரணம் அலுவலகப் பொது நாட்காட்டி. கூட்டம் போடும் மேலாளருக்கு அது வசதி. தினமும் குறித்துவைக்கிற பாடு மற்றவர்களுக்கு. அதனால்தான் அது எடுபடவில்லை.

இதற்கு நேர்மாறு மொய் நோட்டு. சொந்தக்காரர் கல்யாணங்களில் நான் மொய் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஐந்நூறு ரூபாயை நீட்டியவர் நகரமாட்டார். நோட்டைத் தலைகீழாக எட்டிப் பார்த்து, "இனிஷியல் 'மு'தானே போட்டீங்க தம்பி?" என்பார். அவர் வீட்டு விசேஷத்துக்கு அந்த ஒரு வரிதான் பணமாகத் திரும்பி வரும். அவருக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்?

ஸ்லாக் என்ற கூட்டுப்பணிச் செயலி பிறந்ததும் இப்படிச் சொந்தத் தேவையிலிருந்துதான். 'கிளிட்ச்' என்ற இணைய விளையாட்டை உருவாக்கிய சிறு குழு வெவ்வேறு நகரங்களில் இருந்தது. பேசிக்கொள்ள ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறை. அதில் நீங்கள் இல்லாதபோது பேசியது உங்களுக்குக் கிடைக்காது. எனவே பேச்சைச் சேமிக்க ஒரு வழி செய்தார்கள், பிறகு அதில் தேட ஒரு வழி. விளையாட்டு 2012-இல் மூடப்பட்டது. தங்களுக்காகச் செய்துகொண்ட கருவி 2014-இல் எல்லோருக்கும் வந்தது.

ஆனால் பயனுள்ள கருவியையும் கெடுத்துவிடலாம். நான் முன்பு இருந்த ஒரு குழுவில், வேலைகளை அட்டைகளாக நகர்த்தும் பணிப்பலகையை எல்லோரும் ஆசையாகத்தான் பயன்படுத்தினோம். யார் எத்தனை அட்டை முடித்தார் என்று மேலாளர் எண்ணத் தொடங்கியதும் எல்லாம் மாறிப்போனது. வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு அட்டைகள் வரிசையாக 'முடிந்தது' கட்டத்துக்குப் போகும். நிஜமான சிக்கல்களைத் தொலைபேசியில் பேசிக்கொண்டோம். அரட்டைச் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி அணைந்துவிடக் கூடாதென்று ஒரு கையால் மவுசை அசைத்தபடியே சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது கூப்பிடலாமா என்று தெரிந்துகொள்ள வைத்த விளக்கு அது. அதை வேவு பார்க்கத் திருப்பியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

வாசகிக்கு ஒன்று சொல்வேன். உங்கள் பதினான்கு பேரிடமும் கேளுங்கள்: யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்பாமல், இந்தச் செயலியில் தேடியே பதில் கிடைத்த இரவு ஒன்றாவது உண்டா? உண்டு என்று நாலு பேர் சொன்னால் செயலியை வைத்துக்கொள்ளுங்கள்.