ஃபோகஸ் திருகாமலே படம் தெளிவாக விழுவது எப்படி?

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் நொடியில் தோன்றி மறையும் முகத்தை, ஃபோகஸ் திருகாமலே பிடிக்க உதவுவது 28 மி.மீ. அகலக்கோண லென்ஸ்.

குவியத் தூரம் குறைந்த லென்ஸில், ஆள் நெருங்கினாலும் விலகினாலும் பிம்பம் கூடும் புள்ளி சிறிதே நகரும். அந்த நகர்வும் தெரியாமல் போவது எப்படி?

எண்ணெய் ஊற்றும் புனலைப் பாருங்கள். ஒளியும் அப்படித்தான் கூம்பாகக் குவிகிறது. அகன்ற கூம்பை நுனிக்குச் சற்று மேலே வெட்டினால் பெரிய வட்டம். ஒடுங்கியதை வெட்டினால் சிறு பொட்டு. லென்ஸின் துவாரத்தை எஃப்/8க்குச் சுருக்கினால் கூம்பு ஒடுங்கும். கண்ணுக்குப் பொட்டும் புள்ளியும் ஒன்றுதான்.

35 மி.மீ. ஃபிலிமில் 3.3 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால், சுமார் 1.7 மீட்டரிலிருந்து ராஜகோபுரம் வரை தெளிவு. துவாரம் சிறியதென்பதால் வெயில் மட்டும் வேண்டும். ஓரத்து முகங்கள் சற்று இழுபடவும் செய்யும்.

1950 ஏப்ரலில் இதே ஊரின் ரமணாசிரமத்துக்கு வந்து படமெடுத்த புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரிதும் விரும்பியது 50 மி.மீ. லென்ஸை. அதில் இவ்வளவு சலுகை கிடையாது: இதே துவாரத்தில், கோபுரமும் தெளிவாக வேண்டுமென்றால், ஆள் சுமார் 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.