கணக்குப் போட்ட குதிரையும் என் மகனும்

என் சின்னவன் நாலாம் வகுப்பு படித்தபோது வீட்டில் கணக்குப் புலி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு வாய்ப்பாடு கேட்பேன். எதிரே நின்று எல்லாவற்றுக்கும் விடை சொல்லிவிடுவான். பள்ளிக்கூடத்தில் மட்டும் எலி! கணக்கில் 100-க்கு 28.

"வீட்ல சொல்றே, அங்கே என்னடா கொழுப்பு?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். "எனக்கே தெரியலப்பா" என்றான். மறுநாள் வாத்தியாரிடமும் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் மனோதத்துவப் புத்தகம் ஒன்றில் ஹான்ஸைச் சந்தித்தேன். ஹான்ஸ் ஒரு குதிரை. (சிரிக்காதீர்கள்!) பெர்லினில் ஃபான் ஓஸ்டன் என்ற ரிடையர்டு கணக்கு வாத்தியார் வளர்த்தது. 'மூணும் ரெண்டும்?' என்றால் முன்னங்காலால் ஐந்து தட்டு தட்டும். பின்னம்கூடப் போடும். ஊரே திரண்டு வந்து பார்த்தது. அவர் காசு வாங்கவில்லை. 1904-ல் பேராசிரியர் கார்ல் ஸ்டும்ஃப் தலைமையில் ஒரு கமிட்டி சோதித்துவிட்டு, பித்தலாட்டம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது.

ஸ்டும்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் விடவில்லை. ஒருவர் குதிரையின் காதில் ஓர் எண்ணைச் சொல்வார். இன்னொருவர் வேறோர் எண்ணைச் சொல்வார். இவர் சொன்னது அவருக்குத் தெரியாது. கூட்டினால் என்ன வரும் என்பது குதிரைக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். அவ்வளவுதான், ஹான்ஸ் தடுமாறிவிட்டது! கேட்பவருக்கு விடை தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் தப்பு. கேட்பவரைப் பார்க்க முடியாமல் கண்பட்டை கட்டினாலும் தப்பு.

விஷயம் இதுதான்: கேள்வி கேட்டவர், குதிரையின் காலைப் பார்க்க லேசாகக் குனிவார். சரியான எண்ணிக்கை வந்ததும் தம்மையறியாமல் தலை ஒரு நூல் நிமிரும். உடனே ஹான்ஸ் தட்டுவதை நிறுத்திவிடும்.

யாரும் ஏமாற்றவில்லை. சோதிப்பவரின் எதிர்பார்ப்பே விடையாகத் திரும்பி வந்திருக்கிறது. அதனால்தான் இன்று புது மருந்தைச் சோதிக்கும்போது எது நிஜ மாத்திரை, எது சும்மா மாத்திரை என்பதை நோயாளிக்கு மட்டுமல்ல, முடிந்தவரை டாக்டருக்கும் தெரியாமல் வைக்கிறார்கள்.

அன்று ராத்திரி ஈஸிசேரைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டேன்.

"என்ன, சுவத்தோட பேசப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"ஏழெட்டு?" என்றேன்.

"ஐம்பத்து... ரெண்டு... நாலு..." நிறுத்தினான். என் புருவம் உயர்ந்தது. சுவர்தான் பார்த்திருக்கும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "அப்பா, இந்தப் பக்கம் திரும்புங்களேன்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் வாய்ப்பாடு சொன்னது என் மூஞ்சி! 'எனக்கே தெரியலப்பா' என்று அவன் சொன்னது சத்தியமான வார்த்தை. அதற்குத்தான் அடித்திருக்கிறேன்.

திரும்பி, அவனை மடியில் இழுத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து தரையில் உட்கார்ந்து, புளியங்கொட்டையை எட்டெட்டாகக் குவித்து ஏழு வரிசை வைத்தோம். அடுத்த பரீட்சையில் 61.

"பாத்தியா, என் புளியங்கொட்டை முறை!" என்று மனைவியிடம் மார்தட்டினேன்.

"அது புளியங்கொட்டையாலயா, நீங்க அடிக்கறதை நிறுத்தினதாலயா? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

ஃபுங்ஸ்ட் இருந்திருந்தால் இவளைத்தான் உதவிக்கு வைத்துக்கொண்டிருப்பார்!