முழங்காலிட்டுச் செய்யும் அப்பியாசம்

1975ஆம் வருஷத்தில் ஐரோப்பாவின் கப் வின்னர்ஸ் கோப்பையை வென்று, அதே வருஷம் சூப்பர் கோப்பைப் போட்டியின் இரண்டு ஆட்டங்களிலும் பேயர்ன் மியூனிக்கை வீழ்த்தி, ஓலெக் புளோகின் என்னும் தன் முன்னணி வீரர் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய விருதைப் பெறுவதையும் கண்ட கீவ் நகரத்து டைனமோ குழு, மறு வருஷமே ஏன் தள்ளாடியது என்ற கேள்வி, தேகப் பயிற்சிக்கும் கால்பந்தாட்டத்துக்கும் உள்ள சம்பந்தத்தை விசாரிக்கப் புகுவோருக்கு நல்ல தோற்றுவாய் ஆகும். அக்குழுவின் பயிற்சியாளர் வலேரி லோபனோவ்ஸ்கி பொறியியல் கற்றவர். ஆட்டத்தையும் ஓர் இயந்திரத்தின் இயக்கத்தைப் போலவே பார்த்தவர். அனத்தோலி ஜெலென்த்சோவ் என்ற விஞ்ஞானியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, எந்த வாரத்தில் எவ்வளவு ஓட்டம், எவ்வளவு பளு, எவ்வளவு ஓய்வு என்பதையெல்லாம் எண்களாக எழுதி, பிற்காலத்தில் பல குழுக்களும் கைக்கொண்ட ஒரு முறையை அவர் அன்றே வகுத்திருந்தார்.

1976இல் டைனமோ வீரர்களே சோவியத் தேசியக் குழுவாகவும் இருந்தபடியால், கிளப் ஆட்டங்களும் ஐரோப்பியப் போட்டியும் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கும் ஒரே கூட்டத்தின் தலையில் வந்து விழுந்தன. போதாததற்கு, பயிற்சியின் கடுமையும் கூடியது. மார்ச்சு மாதத்தில் பிரான்ஸின் சேந்தெத்தியேன் குழுவிடம், முதல் ஆட்டத்தில் பெற்ற இரண்டு கோல் முன்னிலையை இழந்து தோற்றார்கள், பிறகு தேசியக் குழுவாகச் செக்கோஸ்லோவாக்கியாவிடமும் தோல்வி, ஒலிம்பிக்கில் வெண்கலம். கடைசியில் வீரர்களே பயிற்சியாளர்களை எதிர்த்துக் கலகம் செய்தார்கள். லோபனோவ்ஸ்கி தப்பினார், அவருடைய கூட்டுப் பயிற்சியாளர் பசிலெவிச் போக நேர்ந்தது. பளுவை ஏற்றத் தெரிந்த அளவுக்கு அதை இறக்கத் தெரிந்திருக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்து ஆட்டத்தைவிட இந்தக் காலத்து ஆட்டம் சரீரத்தை வருத்துவது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓர் ஆட்டக்காரர் தொண்ணூறு நிமிஷத்தில் ஓடும் மொத்த தூரம் ஏறக்குறைய 10 முதல் 12 கிலோமீட்டர். அண்மைப் பருவங்களில் இந்தத் தொகை பெரிதாக மாறவில்லை. மாறியது அந்தத் தூரத்தை ஓடும் விதம். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 2006-07 முதல் 2012-13 வரை நடந்த ஆட்டங்களை அளந்து பார்த்தவர்கள், மொத்த தூரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்க, அதிவேகத்தில் ஓடும் தூரம் சுமார் 30 சதவீதமும், முழுவேகப் பாய்ச்சல்களின் எண்ணிக்கை சுமார் 85 சதவீதமும் உயர்ந்திருப்பதைக் கண்டார்கள். மெல்லோட்டத்தின் இடத்தைப் பாய்ச்சல் பிடித்துக்கொண்டது. தசை அறுவது பாய்ச்சலில்தான்.

வலிமைப் பயிற்சியின் பலன் என்றதும் புடைத்த தோளும் அகன்ற மார்பும் நம் கண்ணுக்கு வருகின்றன. கரலாக்கட்டை சுற்றிய பயில்வான்களைப் பார்த்துப் பழகிய தோஷம். கால்பந்தாட்டக்காரனுக்கு அந்தப் பெருக்கம் சுமையே. அவனுக்கு வேண்டியது, பளுவைத் தோளில் தாங்கிக்கொண்டு பஸ்கி எடுப்பதுபோல் அரைக்குந்தலிட்டு எழும் வலிமை. நார்வே நாட்டு ரோசன்போர்க் குழுவின் 17 வீரர்களைச் சோதித்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படி அதிகப் பளுவைத் தூக்கி எழுந்தவர்களே முதல் பத்து மீட்டரில் முந்தியவர்களாகவும் உயரக் குதித்தவர்களாகவும் இருந்தார்கள். பளு தூக்கியதால் வேகம் வந்ததா, வேகமானவர்களுக்கு இயல்பிலேயே பலம் உண்டா என்பதை இந்த ஒரு சோதனையைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. என்றாலும், தரையை ஓங்கி மிதிக்க வல்லவனே தரையிலிருந்து விரைவாகக் கிளம்புகிறான் என்பதில் ஆச்சரியம் ஏதுமில்லை.

ஆனால் ஒரு குழுவுக்கு இப்பயிற்சி தரும் பேருதவி வேகத்தில் இல்லை. ஆட்டத்தன்று காலையில் எத்தனை பேர் சுகமாக எழுந்து நிற்கிறார்கள் என்ற கணக்கில் இருக்கிறது. சுவீடன் நாட்டு மருத்துவப் பேராசிரியர் யான் எக்ஸ்ட்ராண்டும் அவருடைய சகாக்களும் 2001ஆம் வருஷம் முதல், ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் ஆதரவில், பெருங்குழுக்களின் காயங்களைப் பொறுமையோடு எண்ணி வருகிறார்கள். 25 பேர் கொண்ட ஒரு குழு ஒரு பருவத்தில் சுமார் 50 காயங்களை எதிர்பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. அவற்றில் பாதி ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும், எட்டொன்பது மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் ஆளை முடக்கிப் போடும். ஒன்பது தேசங்களின் 24 குழுக்களைப் பதினொரு பருவங்கள் தொடர்ந்து கவனித்தபோது, காயத்தால் இழந்த நாட்கள் குறைந்த பருவத்தில் குழு தன் லீகில் உயர்ந்த ஸ்தானத்தை அடைவதும் தெரிய வந்தது. கோடிக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய வீரன் மேல்தளத்தில் கோட்டு அணிந்து உட்கார்ந்திருக்க, கோப்பை எப்படி வரும்?

அந்த ஐம்பதில் அடிக்கடி வரும் தனிக் காயம், பத்திரிகைகள் ஹாம்ஸ்டிரிங் என்று எழுதும் பின்தொடைத் தசையின் காயம். முழுவேகத்தில் ஓடுகிறவன் காலை முன்னே வீசும்போது, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, முழங்காலுக்குக் கீழே உள்ள பாகம் எறியப்பட்டதுபோல் முன்னோக்கி விரைகிறது. அதை இழுத்துப் பிடிக்கும் கடிவாளம் இந்தத் தசை. நீண்டுகொண்டே இழுக்க வேண்டிய சங்கடமான வேலை அது. சுருங்கி இழுக்கும்போது அறாத தசை இப்படி நீளும்போது அறுகிறது. ஆகவே இதற்குரிய அப்பியாசமும் நீட்சியிலேயே உழைப்பதாக இருக்க வேண்டும். நார்டிக் அப்பியாசம் என்று பெயர் பெற்ற அதற்கு இரும்பும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். ஒருவன் முழங்காலிட்டு நிற்கிறான். தோழன் அவன் கணுக்கால்களைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். முழங்காலிலிருந்து தலைவரை உடலை ஒரு பலகைபோல் வைத்துக்கொண்டு, முன்பக்கமாக எவ்வளவு மெதுவாகச் சாய முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சாய்ந்து, இனித் தாளாது என்னும்போது கைகளை ஊன்றித் தரையை அடைகிறான். பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டு. முதல் முறை செய்தவன் மறுநாள் மாடிப்படி இறங்கும்போதுதான் அதன் தாத்பரியத்தை உணர்வான்.

டென்மார்க்கில் 50 குழுக்களைச் சேர்ந்த 942 ஆட்டக்காரர்களை ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியினரை மட்டும் பத்து வாரங்களில் 27 முறை இந்த அப்பியாசம் செய்வித்து, பிறகும் வாரந்தோறும் தொடரச் சொன்னார்கள். முதல் வாரத்தில் ஐந்தைந்தாக இரண்டு தடவை மட்டுமே. போகப் போகக் கூட்டினார்கள். லோபனோவ்ஸ்கியின் வீரர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விட்டிருப்பார்கள். 2011இல் வெளியான முடிவு: பயிற்சி செய்தவர்களிடையே பின்தொடைக் காயம் 15, செய்யாதவர்களிடையே 52. முன்பே ஒரு முறை காயம் பட்டுத் தேறியவர்களுக்கு இன்னும் அதிகப் பயன் கிடைத்தது. செலவில்லாத ஒரு வைத்தியத்துக்கு இவ்வளவு தெளிவான சாட்சியம் விளையாட்டு மருத்துவத்தில் அபூர்வம்.

அப்படியானால் ஐரோப்பாவின் பெருங்குழுக்கள் எல்லாம் இதைச் சிரமேற்கொண்டு செய்திருக்கும் என்று நினைப்போம். சாம்பியன்ஸ் லீகில் ஆடுபவையும் நார்வேயின் முதல்நிலைக் குழுக்களுமாக ஐம்பது குழுக்களிடம் விசாரித்து, மூன்று பருவங்களின் கணக்கை 2015இல் வெளியிட்டார்கள். 150 குழுப் பருவங்களில் 16இல் மட்டுமே இந்த அப்பியாசம் சொன்னபடி முழுமையாகச் செய்யப்பட்டிருந்தது. 125இல் செய்யவே இல்லை என்று சொல்லிவிடலாம். காரணம் அறியாமை அன்று. மருத்துவருக்குத் தெரியும், உடற்பயிற்றுநருக்கும் தெரியும். வாரத்தின் நேரத்தைப் பங்கிடும் அதிகாரம் தலைமைப் பயிற்சியாளரிடம் இருக்கிறது. அவரோ அடுத்த சனிக்கிழமையைத் தாண்டி யோசிக்கும் பாக்கியம் பெற்றவர் அல்லர், மூன்று தோல்வி வந்தால் வேலை போய்விடும். நடக்காத காயத்தை எந்த நிர்வாகிக்கும் எடுத்துக் காட்டிப் பாராட்டுப் பெற முடியாது. மறுநாள் காலின் வலியோ பிரத்தியட்சம். எக்ஸ்ட்ராண்டின் குழுவினர் 2019இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், மருத்துவருக்கும் தலைமைப் பயிற்சியாளருக்கும் இடையே பேச்சுவார்த்தை சரியில்லாத குழுக்களில் காயங்களின் சுமையும் அதிகம் என்று கண்டார்கள். வலிமைப் பயிற்சியின் வெற்றி தோல்வி பாதி ஜிம்மிலும், பாதி அந்த இருவர் பேசிக்கொள்ளும் அறையிலும் தீர்மானமாகிறது.

லெஸ்டர் சிட்டி 2015-16இல் யாரும் எதிர்பாராமல் இங்கிலாந்தின் லீகை வென்றதை விதி என்பார்கள் சிலர். கிளாடியோ ரனியேரி தம் வீரர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை தந்தார் என்பதையும், பெருங்குழுக்களின் வீரர்கள் சிகிச்சைக் கட்டிலில் கிடந்தபோது லெஸ்டரின் பதினொருவரில் பெரும்பாலோர் வாரந்தோறும் களம் இறங்கினார்கள் என்பதையும் அந்த விதியின் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஐரோப்பியப் போட்டி அவர்களுக்கு அந்தப் பருவத்தில் இல்லை. நடுவாரம் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது.

மற்றவர்களுக்கு அந்தக் காலி வாரம் கிடைப்பதில்லை. யூஃபா கணக்கில் பின்தொடைக் காயத்தின் பங்கு 2001-02இல் மொத்தக் காயங்களில் 12 சதவீதம். 2021-22இல் 24 சதவீதம். சனிக்கிழமை ஓர் ஆட்டம், புதன்கிழமை ஓர் ஆட்டம் என்று வரும்போது, ஞாயிறு ஆறுவதற்கு, செவ்வாய் அடுத்ததற்கு ஆயத்தமாவதற்கு. எஞ்சும் திங்கட்கிழமையில் இந்த அப்பியாசத்தைச் செய்தால் அதன் வலி புதன்கிழமை உச்சத்தில் இருக்கும். அதனால் பயிற்றுநர்களில் சிலர், ஆட்டம் முடிந்த அன்றோ மறுநாளோ, ஏற்கெனவே களைத்திருக்கும் காலிலேயே இதைச் செய்துவிட்டால் இரண்டு வலியும் ஒன்றாக ஆறிவிடும் என்று வாதிக்கிறார்கள். வாதம் நியாயமானதே. ஆனால் புதன் இரவு பதினொரு மணிக்கு, அந்நிய ஊர் மைதானத்தில், தோற்றுவிட்டு, ஈரத்தலையோடு விமான நிலையத்துக்குச் செல்லும் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஒருவனிடம், கொஞ்சம் முழங்காலிடு என்று சொல்ல வேண்டியவரும் அந்தப் பயிற்றுநரேதான்.