நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள் உங்கள் ரெஸ்யூமை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஐந்து ஆண்டு கணக்கு பார்த்த பெண் ஒருவர். பி.காம். படித்தவர். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டார். இரண்டு ஆண்டு கழித்து, கோவையில் ஒரு பெரிய நிறுவனத்தில் அக்கவுண்டன்ட் வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து பிரவுசிங் சென்டரில் அவருக்குப் புது மாதிரி ரெஸ்யூம் ஒன்றைத் தயாரித்துத் தருகிறார்கள். இடப்பக்கம் நீலப் பட்டையில் புகைப்படம், போன் நம்பர், தெரிந்த சாஃப்ட்வேர்கள். வலப்பக்கம் அனுபவமும் படிப்பும். டேலிக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால், அழைப்பு வரவில்லை.

வேலை தெரிந்தவருக்கு ஏன் இந்த நிலை? அந்த ரெஸ்யூம் போய்ச் சேரும் இடத்தைப் பார்த்தால் புரியும். பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்கள் நேராக ஹெச்.ஆர். மேஜைக்குப் போவதில்லை. ஏடிஎஸ் எனப்படும் ஆள்தேர்வு மென்பொருளுக்குள் போகின்றன. ஆரக்கிளின் டாலியோ, ஒர்க்டே, எஸ்ஏபி சக்சஸ்ஃபேக்டர்ஸ், நம்மூர் ஜோஹோவின் ரெக்ரூட் எல்லாம் இந்த வகைதான். மென்பொருள் முதலில் ரெஸ்யூமிலிருந்து பெயர், படிப்பு, பணிபுரிந்த இடம், தேதி என்று பிரித்தெடுத்துக் கட்டம் கட்டமாகச் சேமிக்கிறது. பிறகு விண்ணப்பப் படிவத்தில் நாம் தரும் பதில்களை வைத்து வடிகட்டுகிறது. கடைசியாக, ஹெச்.ஆர். ஒரு சொல்லைத் தட்டித் தேடும்போது பொருந்துகிறவர்களை எடுத்துக் காட்டுகிறது.

'நான்கில் மூன்று ரெஸ்யூம்களை மனிதர் கண்ணில் படாமலேயே மென்பொருள் குப்பையில் போட்டுவிடுகிறது' என்று ஒரு கணக்கு இணையமெங்கும் சுற்றுகிறது. அதற்கு நம்பத்தகுந்த ஆய்வு ஆதாரம் இல்லை. அந்த பயத்தைக் காட்டி 'ஏடிஎஸ் ஸ்கோர்' ஏற்றித் தருவதாகப் பணம் வாங்குகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர்கள் தரும் மதிப்பெண் அவர்களே போடுவது. நீங்கள் விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் மென்பொருளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பல ரெஸ்யூம்களை யாரும் நிராகரிப்பதே இல்லை. தேடும்போது அவை அகப்படாமல் அடியிலேயே கிடந்துவிடுகின்றன.

முதல் சிக்கல் பிரித்தெடுப்பதில் வருகிறது. பிடிஎஃப் கோப்பில் முக்கியமாக இருப்பது எந்த எழுத்து பக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்ற விவரம். 'இது தலைப்பு, இது தனிப் பத்தி' என்ற குறிப்பு பெரும்பாலான கோப்புகளில் இருப்பதில்லை. வரிசையை மென்பொருள் ஊகித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பத்தியாக இருக்கும் ரெஸ்யூமை அது இடமிருந்து வலமாக ஒரே வரியாகப் படித்துவிட்டால், நம் கணக்காளரின் ஐந்து ஆண்டு உழைப்பு இப்படி ஆகிவிடும்: 'டேலி அக்கவுண்டன்ட் எக்செல் ஜூன் 2017 ஜிஎஸ்டி முதல் தமிழ் திருப்பூர் ஆங்கிலம்'. இதில் அவர் எங்கே, எத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்பது எந்தக் கட்டத்திலும் சரியாக விழாது. நட்சத்திரங்கள் வெறும் குறிகளாகப் போய்விடும். வேர்டு கோப்பில் பக்கத்தின் மேல்விளிம்பிலுள்ள ஹெடரில் போன் நம்பரைப் போட்டிருந்தால், சில மென்பொருள்கள் அந்தப் பகுதியைப் படிக்காமலே விட்டுவிடும். தாளில் எடுத்த பிரதியை ஸ்கேன் செய்து அனுப்பினால் அது வெறும் படம். அதிலிருந்து எழுத்தை மீட்பது இன்னும் பிசகும்.

இதைச் சோதிக்க ஒரு பைசா செலவில்லை. பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்வுசெய்து, காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். எல்லா மென்பொருளும் அச்சு அசலாக அப்படியே படிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும், நோட்பேடில் குழம்பியிருந்தால் ஆள்தேர்வு மென்பொருளிலும் குழம்ப வாய்ப்பு அதிகம். எதுவுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் ரெஸ்யூம் படமாக இருக்கிறது. ஒரே பத்தி, சாதாரண எழுத்துரு, 'எக்ஸ்பீரியன்ஸ்', 'எஜுகேஷன்', 'ஸ்கில்ஸ்' என்று எல்லோரும் போடும் தலைப்புகள், ஒவ்வொரு வேலைக்கும் மாதமும் ஆண்டும். இவ்வளவுதான் வடிவமைப்பு. தகப்பனார் பெயர், திருமண நிலை, கடைசியில் 'மேற்கண்டவை உண்மை' என்ற உறுதிமொழி எல்லாம் பழைய பயோடேட்டா பழக்கம். தனியார் நிறுவனம் கேட்காதவரை தேவையில்லை.

தமிழர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: இனிஷியல். 'கே. செல்வி' என்ற பெயரை 'ஃபர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என்று இரண்டு கட்டத்துக்குள் அடைக்கச் சொல்கிறது படிவம். மென்பொருள் 'கே'யை முதல் பெயர் ஆக்கிவிடலாம். ஒரு விண்ணப்பத்தில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர், திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால், வேலை கிடைத்தபின் நடக்கும் ஆவணச் சரிபார்ப்பில் இழுபறி ஆகும். பான் அட்டையிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர் எப்படி இருக்கிறதோ அதற்கு ஒத்துவரும் ஒரு வடிவத்தை எல்லா இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமை ஏற்றியதும் பல தளங்கள் தாங்கள் பிரித்தெடுத்ததைப் படிவமாகத் திருப்பிக் காட்டும். அவசரத்தில் 'நெக்ஸ்ட்' அழுத்திக் கடக்காமல் அந்தப் பக்கத்தை நிதானமாகத் திருத்துங்கள். தவறைக் கையால் சரிசெய்ய உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது.

அடுத்தது சொற்கள். கோவை நிறுவனத்தின் ஹெச்.ஆர். அலுவலர் ஜிஎஸ்டி, டிடிஎஸ், பேங்க் ரீகன்சிலியேஷன் என்று தட்டித் தேடுகிறார். நம் கணக்காளரின் ரெஸ்யூமில் இருப்பதோ 'கம்பெனியின் எல்லா கணக்கு வேலைகளையும் பொறுப்பாகக் கவனித்தேன்' என்ற வரி. பொய்யில்லை, ஆனால் தேடலில் சிக்காது; சிக்கினாலும் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இதையே இப்படி எழுதலாம்: 'டேலி பிரைமில் அன்றாடக் கணக்குப் பதிவு, மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல், தையல், சாயப்பட்டறை ஜாப் ஒர்க் பில்களுக்கு டிடிஎஸ் பிடித்தம், வங்கிக் கணக்கு ரீகன்சிலியேஷன்.' அவர் தினமும் செய்த வேலைதான். செய்ததற்கு அந்தத் துறையில் என்ன பெயரோ அதைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். வேலை விளம்பரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் கேட்டிருப்பதில் நீங்கள் உண்மையிலேயே செய்தவற்றை அவர்களுடைய சொல்லிலேயே எழுதுங்கள். சுருக்கப் பெயரையும் விரிவையும் ஒரு முறையாவது சேர்த்துப் போடுங்கள். எந்த வடிவத்தில் தேடுவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது.

விளம்பரம் முழுவதையும் வெள்ளை எழுத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவைக்கும் தந்திரம் ஒன்று உலவுகிறது. தயவுசெய்து வேண்டாம். பிரித்தெடுத்த எழுத்துகளுக்கு நிறம் கிடையாது, ஹெச்.ஆர். திரையில் அத்தனையும் அப்படியே தெரியும். நேர்மையாக உழைத்தவர் ஏமாற்றுக்காரராகக் காட்சி தருவார்.

ஆனால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் தாண்ட முடியாத சுவர் ஒன்றை நிறுவனங்களே கட்டியிருக்கின்றன. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் ஆக்சென்சரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் நிறுவனங்களிடம் கேட்டு நடத்தப்பட்டது. தகுதியுள்ளவர்களும் நிபந்தனைக்கு அச்சொட்டாகப் பொருந்தாததால் வடிகட்டப்படுகிறார்கள் என்று 88 சதவீத நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. ஆறு மாதத்துக்கு மேல் வேலை இடைவெளி இருந்தால் ஒதுக்கும் வழக்கம் கிட்டத்தட்ட பாதி நிறுவனங்களில் இருந்தது. பிரசவம், பெற்றோரின் நோய் என்று எந்தக் காரணமும் அந்த விதிக்குத் தெரியாது. அமேசான் சோதித்துப் பார்த்த ஆள்தேர்வுக் கருவி ஒன்று, பழைய ரெஸ்யூம்களைப் பார்த்துக் கற்றதால் பெண்களைக் குறிக்கும் சொற்கள் வந்தாலே மதிப்பைக் குறைத்தது. அந்த முயற்சி கைவிடப்பட்டதை 2018இல் ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டுவந்தது. தானியங்கி ஆள்தேர்வுக் கருவிகளில் பாரபட்சம் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும் என்ற நியூயார்க் நகரச் சட்டம் 2023 ஜூலை முதல் அமலில் இருக்கிறது.

இப்படிப்பட்ட விதிகளுக்குப் பயந்து வேலை இடைவெளியை மறைக்கத் தேதிகளை நீட்டாதீர்கள்; பி.எஃப். பதிவில் உண்மைத் தேதி இருக்கும். 'குழந்தை வளர்ப்புக்காகப் பணி இடைவெளி' என்று மாதம், ஆண்டோடு ஒரு வரி போடுங்கள். அந்தக் காலத்தில் முடித்த பயிற்சியோ, வீட்டிலிருந்தபடி ஒரு கடைக்குப் பார்த்துக் கொடுத்த கணக்கோ இருந்தால் அதன் கீழே சேருங்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவர் உங்கள் பெயரைப் பரிந்துரைத்தால், வடிகட்டியைத் தாண்டி ஒரு மனிதர் ரெஸ்யூமைத் திறந்து பார்க்க வாய்ப்பு கூடும். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஹெச்.ஆர். பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடந்த மாதம் உங்கள் மென்பொருள் ஒதுக்கிய விண்ணப்பங்களில் இருபதை எடுத்துக் கையால் திறந்து படியுங்கள். நீங்கள் தேடிக்கொண்டிருந்த கணக்காளர் அதில் இருந்தால், அவரை ஒதுக்கிய விதி எது என்று பார்த்து அதை நீக்குங்கள். அப்படியே அவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.