மார்கழிக் குளிரில் சளி, காய்ச்சல்: குடும்பத்தினரைக் காப்பது எப்படி?

திருப்பதி: மழைக்காலம் ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாள்களில் திருப்பதி, சித்தூர் பகுதிகளில் சளியும் காய்ச்சலும் வீடுதோறும் எட்டிப் பார்க்கின்றன. வைகுண்ட ஏகாதசியையொட்டித் திருமலைக்கு வரும் பக்தர்கள், காத்திருப்பு அறைகளில் பல மணி நேரம் நெருக்கமாக அமர்ந்திருக்கின்றனர். ஊர் திரும்பும்போது பிரசாதத்துடன் தொற்றும் வீடு வந்து சேரக்கூடும்.

சளியை உண்டாக்குவது பனி அன்று; வைரஸ்களே. குளிருக்கு அஞ்சிக் கதவு, சன்னல்களை அடைத்துக்கொண்டு அனைவரும் ஒரே அறையில் உறங்குவது அவை பரவ வழிசெய்கிறது.

சளியும் ஃப்ளூவும் ஒன்றல்ல

சாதாரணச் சளி மெல்லத் தொடங்கும். மூக்கடைப்பு, தும்மல், தொண்டைக் கரகரப்பு ஆகியவற்றுடன் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணியும். இன்ஃப்ளூயன்சா எனப்படும் ஃப்ளூ திடீரெனத் தாக்கும். கடும் காய்ச்சல், உடல்வலி, தலைவலி, வறட்டு இருமல், மிகுந்த சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். இந்தியாவில் மழைக்காலத்திலும், ஜனவரி முதல் மார்ச் வரையிலும் ஃப்ளூ அதிகரிப்பது வழக்கம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஃப்ளூ கண்டவர், அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குப் பரப்பக்கூடும். எனவே முதல் தும்மலிலேயே எச்சரிக்கை தேவை. நோயுற்றவருக்குக் காற்றோட்டமான தனி இடம், தனி டம்ளர், தனித் துண்டு ஒதுக்க வேண்டும். அவரும் அவரைப் பராமரிப்பவரும் முகக்கவசம் அணிவது நல்லது. சோப்பால் 20 விநாடிகள் கை கழுவ வேண்டும். காய்ச்சல் தணிந்து ஒரு நாள் ஆகும்வரை குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பலாகாது.

ஓய்வும் போதிய நீராகாரமும் முதன்மையானவை. மிளகு ரசமும் சுக்குக் கஷாயமும் தொண்டைக்கு இதமளிக்கும்; எனினும் அவை வைரஸை அழிப்பதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்கும்போது சிறுவர்களுக்குத் தீக்காயம் ஏற்படும் ஆபத்து உண்டு.

மருந்தில் கவனம்

மருந்துக் கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி உண்ணும் பழக்கம் பயனற்றது. அது வைரஸ் மீது வேலை செய்யாது. எச்3என்2 வகை ஃப்ளூ பரவிய 2023 மார்ச்சில், பருவகாலக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் தவிர்க்குமாறு இந்திய மருத்துவச் சங்கம் அறிவுறுத்தியது. காய்ச்சல் மூன்று நாள்களில் தணிந்தாலும் இருமல் மூன்று வாரம் வரை நீடிக்கலாம் என்றும் அது விளக்கியது. இதை அறிந்தால் வீண் பதற்றம் குறையும்.

இருமல் மருந்தின் ஆபத்தை 2025-ஆம் ஆண்டு உணர்த்தியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு கலந்த இருமல் மருந்தை உட்கொண்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தனர். அம்மருந்து தயாரிக்கப்பட்டது காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதையடுத்து, 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கக் கூடாது என்றும், 5 வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக அவை தேவையில்லை என்றும் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பினும் எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். 18 வயதுக்குட்பட்டோருக்கு ஆஸ்பிரின் கூடாது.

எப்போது மருத்துவமனை செல்வது?

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் இரத்தம், உதடு அல்லது நகம் நீலம் பாரித்தல், அரைமயக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்கலாகாது. குழந்தை பாலருந்த மறுத்தாலும், 1 முதல் 5 வயதுள்ள குழந்தை நிமிடத்துக்கு 40 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆந்திரத்திலும் தமிழகத்திலும் 108 எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்கலாம். திருப்பதியில் ருயா அரசு மருத்துவமனையும், ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனமும் உள்ளன.

கர்ப்பிணிகள், முதியோர், 5 வயதுக்குட்பட்டோர், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோயாளிகள் ஆகியோர் ஃப்ளூ அறிகுறி தோன்றியதுமே மருத்துவரை அணுக வேண்டும். ஒசெல்டமிவிர் மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிகுந்த பயன் கிடைக்கும்.

ஆறு மாதம் நிறைந்தோர் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி செலுத்திக்கொள்ளலாம். பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், திருமலைப் பயணத்துக்குத் தேதி குறிக்கும்போதே அதையும் திட்டமிடுவது நன்று. பாட்டியும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் மற்றவர்கள் செலுத்திக்கொள்ளும் ஊசி, அவ்விருவருக்கும் காவலாகும்.